தெள்ளு என்றொரு குடும்பப் பெயர்

வினாகிரியில் ஊறிய மீனும் சதகுப்பை இலையும் சேர்ந்த ஒரு புளித்த மணம், ஃபாரஸ்ட் கேட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடிப்படி வழியாக மத்தியானங்களில் ஏறிவரும். கூடவே, யாரோ கோபத்தில் கதவைக் குத்துவதுபோல ஒரு தட்டச்சு இயந்திரத்தின் சத்தமும் வரும். அம்மா தன்னுடைய மீன்குழம்பின் வாசம் கீழே போவதைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல், மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, "இந்த மனுசி எதைத்தான் தின்னுதோ" என்பார்.

அந்த மனுசி மிஸ் கிர்ப். வீடு அவருடையது. மேல்மாடியில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேரும் வாடகைக்கு இருந்தோம். யுத்தம் முடிகிற நேரத்தில் எஸ்தோனியாவிலிருந்து ஓடி, ஜெர்மனியில் ஓர் அகதி முகாமில் காலம் கழித்து, பிறகு லண்டனுக்கு வந்து, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடமொன்றில் முப்பது வருடம் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து ஓய்வு பெற்றவர் அவர். கலியாணம் செய்யவில்லை. எண்பதுகளின் நடுவில் நாங்கள் அங்கே குடிபோனபோது அவருடைய நாடு தேசப்படத்திலேயே இருக்கவில்லை. சோவியத் யூனியனின் பரந்த நிறத்துக்குள் அது கரைந்து கிடந்தது. இல்லாத நாட்டுக்காரி என்பதாலோ என்னவோ, இருக்கிற நாட்டுக்காரர் எல்லோரையும் அவர் சமமாக இகழ்ந்தார். ஆங்கிலேயரைச் சோம்பேறிகள் என்பார், ரஷ்யர்களைப் பெயர் சொல்லியும் கூப்பிடமாட்டார், எங்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் நாங்கள் படியில் யானைகளைப் போல இறங்குகிறோம் என்பது மட்டுந்தான். எல்லாவற்றையும் விட அவர் அதிகம் இகழ்ந்தது தன் சொந்தச் சனத்தை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. யுத்தத்துக்கு முன் அவர் தம் ஊரில் ஒரு சுவடிக்கூடத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். பழைய தேவாலயப் பதிவுகளைப் பார்த்து, எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பெயர் எப்போது வந்தது என்று துண்டுகளில் எழுதி வைப்பதுதான் அவருடைய வேலை. அந்தத் துண்டுகளில் ஒரு பகுதியை ஓடி வரும்போதும் விடாமல் கொண்டுவந்து, லண்டனில் சப்பாத்துப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் பிறந்து வளர்ந்த எஸ்தோனியப் பிள்ளைகள், தங்கள் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு இங்குள்ள அவர்களுடைய சங்கத்துக்கு எழுதுவார்கள். சங்கம் அந்தக் கடிதங்களை அப்படியே மிஸ் கிர்ப்பின் தலையில் கட்டிவிடும். அவர் தபாலட்டையில் பதில் அடிப்பார். அடித்து முடித்ததும், ஆங்கிலத் தட்டச்சில் இல்லாத அலைக்கோடுகளையும் இரட்டைப் புள்ளிகளையும் பேனாவால் ஒவ்வொன்றாகப் போடுவார். லண்டனில் பாதி எஸ்தோனியர் அந்தப் புள்ளிகளை முகாமுக்கு வந்த ஆங்கிலேயக் கிளார்க்குகளிடம் பறிகொடுத்துவிட்டுத் திரிகிறார்கள் என்பது அவருக்குத் தீராத எரிச்சல்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வீட்டில் ஒரேயொரு தொலைபேசி, அது அவருடைய சமையலறை வாசலில் இருந்தது. எங்களுக்கு ஆங்கிலத்தில் வருகிற, போகிற அழைப்பு எல்லாவற்றையும் பேசுவது என் பொறுப்பு. ஒவ்வொரு அலுவலகமும் என்னைக் காத்திருக்கச் சொல்லி இசையைப் போட்டுவிடும். நான் ரிசீவரைக் காதில் வைத்தபடி மேசையில் காய்கிற தபாலட்டைகளைத் தலைகீழாக வாசிப்பேன். மிஸ் கிர்ப்புக்கு எனக்கு எதையும் கற்றுத்தரும் எண்ணம் துளியும் இருக்கவில்லை. திட்டுவதற்கு ஒரு காது அவருக்கு வேண்டியிருந்தது; கம்பி நீளத்துக்கு மேல் நகர முடியாமல் ஒரு காது அங்கே நின்றது.

"இந்தாள் பேர் தம். ஓக் மரம்" என்று அட்டையைத் தூக்கிக் காட்டுவார். "தன் முன்னோர் ஓக்கைப் போல உறுதியான வீரர்களா என்று கேட்கிறான். இந்தப் பெயர்க்காரர் எங்கள் நாட்டில் உருளைக்கிழங்கை விட அதிகம் என்று எழுதியிருக்கிறேன்."

இன்னொருத்தியின் பெயர் சார். தீவு என்றும் பொருள், ஆஷ் மரம் என்றும் பொருள். தன் பாட்டனார் தீவுக்காரரா, காட்டுக்காரரா என்று மெல்போர்னிலிருந்து கேட்டிருந்தாள். 'எது என்று உங்கள் பாட்டனாரிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்க முடியாது' என்று பதில் போனது. வாரெஸ் என்ற பெயருடைய ஒருவருக்கு, 'காகம். வாழ்த்துகள்' என்று இரண்டே சொல். லுய்க் என்றால் அன்னம். அந்தக் குடும்பத்துக்கு மட்டும் பதில் எழுத மனமில்லாமல் மூன்று மாதம் அட்டையைத் தள்ளித் தள்ளி வைத்தார், அவர்கள் சந்தோசப்பட்டுவிடுவார்கள் என்று.

அவருடைய திட்டுகளைத் துண்டு துண்டாகக் கேட்டு நான் பொறுக்கிக்கொண்ட கதை இதுதான். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்புவரை எஸ்தோனியக் குடியானவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றும் கிடையாது. நிலமும் ஆளும் ஜெர்மன் பிரபுக்களுக்குச் சொந்தம். இவர்கள் பண்ணையின் பெயரை முன்னால் போட்டு, குன்றுப் பண்ணை யூரி, ஓடைக்கரை மார்ட் என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். இல்லாவிட்டால் தகப்பன் பெயரை முன்னால் வைத்தார்கள், நாங்கள் முதலெழுத்துப் போடுவது போல. பிறகு அடிமைத்தனம் ஒழிந்தது என்று சட்டம் வந்தது. விடுதலையான மனிதனைப் பதிவேட்டில் ஏற்ற ஒரு குடும்பப் பெயர் வேண்டும் என்றார்கள். மாளிகை முற்றத்தில் பிரபுவோ, அவருடைய கணக்கப்பிள்ளையோ, பாதிரியாரோ மேசை போட்டு இருக்க, சனம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது. சிலர் தாங்களே ஒரு பெயரைச் சொன்னார்கள். பலருக்கு மேசைக்குப் பின்னால் இருந்தவர் வைத்ததுதான் பெயர். மரங்களில் தொடங்கினார்கள், மரம் தீர்ந்ததும் பறவை, பறவை தீர்ந்ததும் மீன், மீனும் தீர்ந்ததும் வீட்டுச் சாமான். பூட்ஸ் என்று ஒரு குடும்பம், ஆணி என்று ஒரு குடும்பம், முட்டைக்கோவா என்று ஒரு குடும்பம். ஜெர்மன் மொழியில் ரோசாமலை என்று பெயர் வாங்கியவனுக்குத் தன் பெயரின் அர்த்தமே தெரியாது. பிரபுக்களின் பெயர் எதையும் குடியானவன் எடுக்கக் கூடாது என்று மட்டும் தெளிவாக எழுதி வைத்திருந்தார்கள்.

"மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்தவனுக்கு ஓக். சாப்பிட்டு முடித்து நித்திரை வருகிற நேரத்தில் வந்தவனுக்குக் காகம். இதில் வீரம் எங்கே இருக்கிறது?" என்பார்.

ஒரு நாள், கொஞ்சம் பயந்துகொண்டே, "கிர்ப் என்றால் என்ன?" என்று கேட்டேன்.

"தெள்ளு" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். நாயில் இருக்கிற தெள்ளு, கடித்துவிட்டுத் துள்ளிப் பாய்கிற பூச்சி. அவருடைய பூட்டனார் அன்றைக்கு வெறுங்காலோடு பனியில் நின்றிருக்கிறார். குளிருக்குக் கால் மாறிக் கால் மாறித் துள்ளியதைப் பார்த்து மேசைக்குப் பின்னால் இருந்தவர் சிரித்திருக்கிறார். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு பதிவேட்டில் ஏறி, தேவாலயத்தில் ஏறி, கல்லறையில் ஏறி, அகதி முகாமின் அட்டையில் ஏறி, ஃபாரஸ்ட் கேட் வீட்டின் அழைப்புமணிக்குக் கீழேயும் ஒட்டிக்கொண்டது.

நான் படியேறிப் போய் அதை அம்மாவிடம் சொன்னேன். "தெள்ளோ? அட கடவுளே" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து மாடியில் அவர் எங்களுக்குத் "தெள்ளு மிஸ்". பள்ளிக்கூடத்திலும் சொல்லிச் சிரிக்க வைத்தேன். வெறுங்கால் பூட்டனாரைப் பார்த்துச் சிரித்தவனோடு நானும் வரிசை மாறி நின்றேன் என்பது அப்போது உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்பதும் சந்தேகந்தான். பதின்மூன்று வயதில் நான் அப்படியொன்றும் நல்ல பிள்ளை இல்லை.

இனி எங்கள் பெயர்க் கதை. அதற்குப் பெரியப்பாவைச் சொல்லவேண்டும். அப்பாவின் மூத்த அண்ணன். அறுபதுகளிலேயே படிக்க வந்து, எஞ்சினியராகி, இல்ஃபோர்டில் வீடு வாங்கி, நடராசா கந்தப்பிள்ளை என்று வாழ்ந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் அங்கே போய், அவருடைய வரவேற்பறையின் பிளாஸ்டிக் உறை கழற்றாத கதிரைகளில் ஒட்டிக்கொண்டு இருப்போம். சுவரில் கண்ணாடி போட்ட ஒரு வம்சாவளிப் படம் தொங்கும். அவரே வரைந்தது. மேலே கோயில் மணியகாரர் ஒருவர், அதற்குக் கீழே பிள்ளை, பிள்ளை, பிள்ளை என்று இறங்கி வந்து கடைசியில் அவரிடம் முடியும். எங்கள் அப்பா அந்தப் படத்தில் ஒரு மூலையில், கிளையா கறையா என்று தெரியாமல் இருந்தார். "எங்கடை பரம்பரைக்கு இங்கிலீசுக்காரன் எழும்பி நிண்டு கதைச்சவன்" என்பது பெரியப்பா வாராவாரம் சொல்வது. எந்த இங்கிலீசுக்காரன், எந்த வருடம், என்ன கதைத்தான் என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை. மகள் மாலதி அக்கா மட்டும் அந்த நேரத்தில் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவாள்.

அப்பா அகதியாக வந்தபோது அவருடைய படிவங்களை நிரப்பியதும் பெரியப்பாதான். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் விமான நிலையத்தில் அப்பாவின் சொந்தப் பெயரான செல்வராசா குடும்பப் பெயராகிவிட்டது; அது போகட்டும். தகப்பன் பெயர் என்ற இடத்தில் பெரியப்பா 'கந்தப்பிள்ளை' என்று எழுதினார். அப்பா கையெழுத்து வைத்தார். அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் ஊரில் வீட்டோடு சேர்ந்து எரிந்து போயிருந்தபடியால் அதை மறுக்க ஒரு காகிதமும் உலகத்தில் இருக்கவில்லை.

அந்தக் கோடையில், அப்பாவின் தம்பி தவம் சித்தப்பா வந்து சேரும்வரைக்கும்.

சித்தப்பா வரும்போது ஒரு சின்னப் பையும், பொலித்தீனில் சுற்றி உடம்போடு கட்டிய ஒரு பிறப்புச் சான்றிதழும் கொண்டுவந்தார். தன் அண்ணன்மார் லண்டனில் இருக்கிறார்கள் என்று விசாரணையில் சொன்னார். சில வாரங்களில் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அண்ணன் என்று சொல்லப்படுகிற செல்வராசாவின் தகப்பன் பெயர் கந்தப்பிள்ளை, விண்ணப்பதாரரின் சான்றிதழில் தகப்பன் பெயர் கந்தன். ஆகவே இருவரும் சகோதரர் என்பதை ஏற்க முடியாது. ஒரு விசயத்தில் பொய் சொன்னவர் மற்ற விசயங்களிலும் சொல்லியிருக்கலாம். அந்தக் கடிதத்தை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தமிழில் சொன்னது நான். எங்கள் வழக்கை எடுத்திருந்த வழக்கறிஞர் அம்மா எளிதாகச் சொல்லிவிட்டார்: மூத்தவரிடம் தன்னுடைய பழைய பிறப்புச் சான்றிதழ் இருக்குமல்லவா, அதைக் கொண்டுவந்து, தகப்பன் பெயர் கந்தன்தான், தான் பிற்காலத்தில் மாற்றினேன் என்று ஒரு சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைக்கட்டும், முடிந்தது.

அடுத்த ஞாயிறு இல்ஃபோர்டுக்குப் போனோம். கடிதத்தை விளக்க என்னையும் கூட்டிப் போனார்கள்.

"அண்ணை, ஒரு கையெழுத்துத்தான்" என்றார் அப்பா.

"என்ரை அப்பற்றை பேர் கந்தன் எண்டு நான் வெள்ளைக்காரனுக்கு முன்னாலை சத்தியம் பண்ணோணுமோ?"

"அதுதானே அண்ணை அவற்றை பேர்."

"வாயை மூடு. மாலதிக்குக் கிங்ஸ்பரியிலை கலியாணம் பேசுறம். அவை ஒவ்வொரு இடமாய் விசாரிச்சுக்கொண்டு திரியினம். இப்பிடி ஒரு கடதாசி வெளியிலை போனால் காணும், எல்லாம் முடிஞ்சுது."

"கையெழுத்து இல்லாட்டித் தம்பியைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். அங்கை அனுப்பினால் என்ன நடக்குமெண்டு உங்களுக்குத் தெரியாதே?"

பெரியப்பா வம்சாவளிப் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என்னைக் கேட்டே அவன் வந்தவன்?"

சித்தப்பா அதே அறையில்தான் இருந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார், கோப்பையைச் சத்தம் வராமல் வைத்தார், "வாறம் அண்ணை" என்று எழும்பினார். நான் பெரியப்பாவை அன்றைக்கு வெறுக்கத் தொடங்கவில்லை. வெறுப்பு என்பது ஒருவரைப் பொருட்டாக மதிப்பது. அதற்கும் கீழே ஓர் இடத்தில் அவரை வைத்தேன். அங்கேயே முப்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்தேன்.

சித்தப்பாவுக்கு வேலை செய்ய அனுமதியில்லை. சும்மா இருக்க முடியாமல் பின்வளவைக் கொத்தத் தொடங்கினார். இரண்டு நாள் யன்னலால் பார்த்துவிட்டு மிஸ் கிர்ப் என்னை மறித்தார். "அந்த மனிதர் எதையாவது நடுகிறாரா, புதைக்கிறாரா?"

நான் முழுவதையும் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியாது. அவர் சிரித்தார், அவருடைய பல்லை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"மூன்று சகோதரருக்கு மூன்று பெயரா? இதற்கா இவ்வளவு?" என்றார். அவருடைய பூட்டனாருக்கும் இரண்டு சகோதரர்கள். மூவரும் வெவ்வேறு மாளிகைகளுக்குச் சொந்தமாக இருந்தபடியால் ஒருவர் ஓக் மரமானார், ஒருவர் கல்லானார், ஒருவர் தெள்ளானார். ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவர்கள், பாதிரியாருக்கு மூன்று குடும்பம். பிறகு, நாடு சுதந்திரமாக இருந்த முப்பதுகளில், அசிங்கமான பெயரையும் ஜெர்மன் பெயரையும் விட்டுவிட்டு அழகான எஸ்தோனியப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்று அரசாங்கமே சொன்னது. மிஸ் கிர்ப்பின் அண்ணன் முதல் ஆளாக ஓடினார். தம்மோயா என்று மாற்றிக்கொண்டார்: ஓக் மரத்து ஓடை. இப்போது டொரொன்டோவில் இருக்கிறார், தங்கையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் எழுதுகிறார்.

"நீங்கள் ஏன் மாற்றவில்லை?"

"ஏன் மாற்ற வேண்டும்? வெட்கப்பட வேண்டியவன் அதை வைத்தவன். என் அண்ணன் அந்த வெட்கத்தைத் தன்னுடையது என்று வாங்கிக்கொண்டான். மடையன்."

பிறகு அவர் எங்களுக்குக் கேட்காத ஓர் உதவி செய்தார். குடிவரவு அலுவலகத்துக்கு ஒரு நீண்ட கடிதம் அடித்தார். உடன்பிறந்தவர்கள் வேறு வேறு பெயரில் இருப்பது உலகத்தில் புதிதல்ல, எழுதுகிறவனின் சோம்பேறித்தனத்துக்கு எழுதப்படுகிறவனைத் தண்டிப்பது முறையல்ல என்று தொடங்கி, தன் சொந்தப் பரம்பரையை உதாரணமாகக் காட்டி, தெள்ளு என்ற சொல்லை இரண்டு இடத்தில் அடிக்கோடிட்டிருந்தார். அப்பா அதைக் கோயில் பிரசாதம் போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். வழக்கறிஞர் அம்மா வாசித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கோப்பில் வைத்தார். அதனால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

பிரயோசனமான வேலையைச் செய்தது நான்தான் என்று சொல்ல ஆசை. ஆனால் நான் செய்ததெல்லாம் மாலதி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்ததுதான். அவளுக்கு இருபத்திரண்டு வயது, மருந்துக் கடையில் வேலை. அந்த ஞாயிறு அவள் வீட்டில் இருக்கவில்லை, ஒன்றும் தெரியாது. ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தேன். அந்தச் சனிக்கிழமை அவள் எங்கள் சமையலறையில் வந்து நின்று, கைப்பையிலிருந்து மஞ்சள் பிடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தாள். பெரியப்பாவின் பிறப்புச் சான்றிதழ். தகப்பன் பெயர்: கந்தன்.

"பேரிலை ஒரு 'பிள்ளை' இல்லை. So what? இதுக்கா இவ்வளவும்?" என்றாள்.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா நகத்தைப் பார்த்தார். சித்தப்பாதான் சொன்னார், ஏதோ மழை பெய்ததைச் சொல்வது போல.

"எங்கடை அப்பாவின்ரை தேப்பன், பிறந்த பிள்ளையைப் பதியப் போய்க் கந்தையா எண்டு சொன்னவராம். பதிவுகாரர் நிமிந்து ஆளைப் பாத்துப்போட்டு, 'உங்களுக்கெல்லாம் ஐயாவோ? வெறும் கந்தன் காணும்' எண்டு எழுதினவராம். எங்கடை ஆக்களுக்கு ஐயாவும் பிள்ளையும் வைக்க விடமாட்டினம், பிள்ளை. பேரைப் பாத்தவுடனை எங்கை இருத்திறது எண்டு அவைக்குத் தெரியோணும்."

எனக்கு அதுவரை இது தெரியாது. மாலதி அக்காவுக்கும் தெரியாது. ஒரு வருடமாகக் கீழ்வீட்டுச் சமையலறையில் நின்று ஜெர்மன் பிரபுக்களை மிஸ் கிர்ப்போடு சேர்ந்து மனதுக்குள் காறித் துப்பியவள் நான். அந்த மேசையும் அந்தப் பேனாவும் எங்கள் ஊரிலும் இருந்தன, பின்னால் இருந்தவன் எங்கள் மொழியே பேசினான் என்பதை அன்றுதான் அறிந்தேன். "பழங்கதை, விடுங்கோ, பிள்ளையளுக்கு என்னத்துக்கு" என்றார் அம்மா. கதை அப்படியொன்றும் பழையதில்லை. கிங்ஸ்பரிவரைக்கும் வந்திருந்தது.

மாலதி அக்கா வீட்டுக்குப் போய்த் தகப்பனிடம் சொன்னது ஒரே ஒரு வசனம்: அவர் கையெழுத்து வைக்காவிட்டால், அந்தச் சான்றிதழின் பிரதியை அவளே கிங்ஸ்பரிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

பெரியப்பா வந்தார். கல்யாண வீட்டுக்குப் போவது போல மூன்று துண்டு சூட்டில், வழக்கறிஞரின் அறையில், சித்தப்பாவுக்கு முதுகைக் காட்டி நின்றார். வழக்கறிஞர் அம்மா வழக்கப்படி ஒவ்வொன்றாகக் கேட்டார். தகப்பனாரின் பெயர்? பெரியப்பா தொண்டையைச் செருமினார். தண்ணீர் கேட்டார். குடித்தார். "கந்தன்" என்றார், பிடிக்காத ஒருவரின் பெயரைச் சொல்வதுபோல. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டச் சொன்னார்கள், ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. மூலையில் இருந்த நான் அந்த ஆறேழு எழுத்துகளையும் ரசித்து ரசித்துக் கேட்டேன். இன்னும் கொஞ்சம் நீளமான பெயராக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் சித்தப்பாவுக்கு இருக்க அனுமதி கிடைத்தது. கிங்ஸ்பரிக் கலியாணம் நடக்கவில்லை. மாலதி அக்கா தானே அந்தப் பெடியனைச் சந்தித்து எல்லாவற்றையும் சொன்னாளாம். அவன் தனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்று ஆங்கிலத்தில் உருக்கமாகச் சொல்லிவிட்டு, ஒரு கிழமையில் தாயாரைக் கொண்டு சாதகம் பொருந்தவில்லை என்று அறிவித்தான். சித்திரையில் பத்துக்கு எட்டுப் பொருந்திய சாதகம் அது. ஆவணிக்குள் கிரகங்கள் கிங்ஸ்பரிக்காரரிடம் விசாரித்துவிட்டு இடம் மாறியிருக்கவேண்டும். அவள் பிறகு தன்னோடு வேலை செய்த ஒருவரைக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள். பெரியப்பா எங்களோடும் சித்தப்பாவோடும் பேசுவதை அன்றோடு நிறுத்தினார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எஸ்தோனியா மறுபடியும் தேசப்படத்தில் வந்தது. மிஸ் கிர்ப்புக்குக் கடிதங்கள் மூட்டையாக வந்தன. இப்போது எல்லோருக்கும் பெயரோடு பண்ணையும் வேண்டியிருந்தது. அவர் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுப் பத்து நாளில் திரும்பி, மாளிகை ஒரு பள்ளிக்கூடமாகிவிட்டது, பிள்ளைகள் மரியாதையில்லாதவர்கள், ரொட்டி மட்டும் நன்றாக இருந்தது என்றார். நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இறந்துபோனார். டொரொன்டோவிலிருந்து ஓக் மரத்து ஓடையின் மகன் வந்து, மூன்று நாளில் வீட்டை விற்பனைக்குக் கொடுத்து, சப்பாத்துப் பெட்டிகள் முழுவதையும் வாசலில் நின்ற குப்பைத் தொட்டிக்குள் கொட்டினாராம். அம்மா தொலைபேசியில் சொன்னார். நான் அன்றே ரயிலேறியிருக்கலாம். பரீட்சை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் சிநேகிதிகளோடு கடற்கரைக்குப் போனேன். அந்த மகனை ஏச எனக்கு வாய் இல்லை.

அந்த வீடு இப்போது நான்கு குடியிருப்பாகப் பிரிந்து கிடக்கிறது. கதவில் நான்கு பொத்தான்கள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இலக்கங்கள் மட்டும். அப்பாவும் போய்விட்டார்.

போன மாசி மாதம் பெரியப்பா இறந்தார். பிணம் எரிக்கும் மண்டபத்துக்குப் போனேன், மரியாதைக்கு என்று சொல்லமாட்டேன். சடங்கு முடிந்து, நினைவுக்கல்லில் பொறிக்க வேண்டிய பெயரை எழுதித் தரும்படி மண்டபத்துக்காரர் ஒரு படிவத்தை மாலதி அக்காவிடம் கொடுத்தார். அவள் பேனாவை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். பக்கத்தில் சித்தப்பா, அவருக்குப் பக்கத்தில் நான்.

"உண்மையான பேரைப் போடுவம்" என்றேன். "நடராசா கந்தன்." சொல்லும்போது எனக்கு அந்தப் பழைய ருசி வாயில் ஊறியது.

"வேண்டாம், பிள்ளை" என்றார் சித்தப்பா. முப்பத்தைந்து வருடம் தன்னோடு பேசாத அண்ணனின் பெட்டி போன திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணையைப் பள்ளிக்கூடத்திலை முதல் நாளே பேர் இடாப்பைப் பாத்துப்போட்டு நிலத்திலை இருத்தினவை. அஞ்சு வருசம் நிலத்திலை இருந்து படிச்சவர். நான் சேர்ற அண்டைக்கு என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வந்து, 'இவன் மற்றப் பிள்ளையளைப் போல வாங்கிலைதான் இருப்பான்' எண்டு தலைமை வாத்தியாரோடை நிண்டு சண்டை பிடிச்சவர். அடி வாங்கினவர். நான் வாங்கிலை இருந்துதான் படிச்சனான்."

மாலதி அக்காவுக்கும் இது புதிது என்பது முகத்தில் தெரிந்தது.

"கந்தன் எண்டது ஆரோ எழுதினது. கந்தப்பிள்ளை எண்டது அவர் தனக்குத் தானே வைச்சது. அதையே போடுங்கோ."

அவள் குனிந்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். அவளுடைய கடைசி மகன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, தாத்தாவுக்கு ஏன் இவ்வளவு நீளமான பெயர் என்று ஆங்கிலத்தில் கேட்டான். அதற்கு விடை தெரிந்தவர்கள் அந்த மண்டபத்தில் நாங்கள் மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தோம். அவள் கடைசி எழுத்தையும் எழுதி முடித்து, படிவத்தை மண்டபத்துக்காரரிடம் நீட்டினாள்.